திரும்பத் தாண்டாத கால்

மாடிச் சுவருக்குப் பக்கத்தில் ஷவ்கியாவுக்கென்று ஒரு செங்கல் கிடந்தது. வீட்டில் மற்ற எல்லோரும் அந்தச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கால்வாயையும், அதற்கு அப்பால் நெல்வயலையும், மன்சூரா போகும் சாலையையும் பார்ப்பார்கள். ஷவ்கியா செங்கல்மேல் ஏறினால்தான் அவளுக்குக் கால்வாய் தெரியும். ஏறாவிட்டால் சுவரின் சுண்ணாம்புப் பூச்சு மட்டும்தான். தம்பி ரிஃபாத் ஒருமுறை அந்தச் செங்கல்லை எடுத்துப் புறாக்கூண்டுக்கு முட்டுக் கொடுத்துவிட்டான். அன்று அம்மா போட்ட சத்தம் இரண்டு வீடு தள்ளிக் கேட்டது.

"ஊர்ல வேற கல்லே கிடைக்கலியாடா உனக்கு? எடுத்த எடத்துலயே கொண்டுபோய் வை!"

ஷவ்கியாவுக்கு வயது இருபத்தொன்பது. உடம்பு பதினொரு வயதுப் பெண்ணுடையது. முகம் மட்டும் அவள் அப்பாவின் நீண்ட முகம். விரல்களும் அவருடையவை போல நீளம். அப்பா கதவு நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்துதான் வீட்டுக்குள் வருவார். ரிஃபாத்தும் அப்படித்தான். யாரோ உயரமான ஒருத்திக்காகச் செய்துவைத்த முகத்தையும் கையையும் அவசரத்தில் தனக்கு மாட்டிவிட்டார்கள் என்று ஷவ்கியாவுக்குத் தோன்றும். அந்த உயரமான ஷவ்கியாவை அவள் அடிக்கடி நினைப்பாள். அவள் எப்படி நடப்பாள், கல்யாணக் கூட்டத்தில் பின்வரிசையில் நின்றபடியே மணப்பெண்ணை எப்படிப் பார்ப்பாள், எந்தக் கடையில் துணி வாங்குவாள் என்றெல்லாம் யோசிப்பாள். இந்த ஷவ்கியா சிறுமிகளுக்கான கடையில்தான் வாங்க வேண்டியிருந்தது. பூப்போட்ட பொம்மைச் சட்டைகளுக்கு நடுவே பூப்போடாத ஒன்றைத் தேடுவதற்குள் அவளுக்கு அலுத்துவிடும்.

ஊர்ப் பாலர் பள்ளியில் அவளுக்கு வேலை. அங்கே பிள்ளைகளுக்கு அவளைக் கண்டால் உயிர். கண்ணுக்குக் கண் பார்த்துப் பேசுகிற பெரியவள் அவள் ஒருத்திதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் சில வருடம் கழித்துத் தெருவில் எதிர்ப்படும்போது, டீச்சர் என்கிற மரியாதையோடு "ஷவ்கியா அப்லா!" என்று மேலிருந்து கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு வகுப்பு அவளைத் தாண்டி வளர்ந்துவிடும்.

வாய்க்கு மட்டும் குறைவில்லை. ரொட்டிக்கடை வரிசையில் புதிதாக வந்த விற்பனைக்காரன் ஒருவன், "பாப்பா, உனக்கெல்லாம் தர முடியாது, போய் அம்மாவ வரச்சொல்லு" என்றான்.

"அம்மாவுக்கு மூட்டுவலி. என் வயசச் சொன்னா உனக்கு நெஞ்சுவலி வந்துரும். ரொட்டியக் குடு" என்றாள். வரிசை முழுவதும் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

தல்கா ஊரிலிருந்து பெண் பார்க்க வந்த அன்றைக்கு மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மா உள்ளே வந்ததும் தேநீர்த் தட்டோடு நின்ற ஷவ்கியாவின் கன்னத்தைக் கிள்ளி, "அக்காவக் கூப்பிடு கண்ணு" என்றாள். ஷவ்கியா தட்டை வைத்துவிட்டு, இல்லாத அக்காவைக் கூப்பிட உள்ளே போனாள். வந்தவர்கள் போகும்வரை வெளியே வரவில்லை.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு அந்த வீட்டில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது. தஃபீதா அத்தையின் கால்.

தஃபீதா அப்பாவின் தங்கை. அப்போது எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ஷவ்கியாவுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது, அந்தக் கோடையில்தான் பால்குடி மறக்கடித்திருந்தார்கள். ஒரு நண்பகல், குழந்தை முற்றத்துப் பாயில் படுத்திருந்தது. தஃபீதா தலையில் மாவுத் தட்டோடு அடுப்பை நோக்கி வேகமாக வந்தவள், சுற்றிப் போகாமல் குழந்தையைத் தாண்டிவிட்டாள். படுத்திருக்கிற பிள்ளையைத் தாண்டினால் அது அதோடு வளராது. தாண்டியவள் அதே வழியில் திரும்பத் தாண்டிவிட வேண்டும். இதை அந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"திரும்பத் தாண்டு தஃபீதா!" என்று அம்மா அலறினாள்.

அன்று காலைதான் இருவருக்கும் ஒரு வாத்து விஷயமாகச் சண்டை. தஃபீதா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "உன் பொண்ணு என்ன கால்வாயா, பாலம் தேடிச் சுத்திப் போக?" என்று சொல்லிவிட்டு அடுப்புக்குப் போய்விட்டாள்.

அன்று மாலையிலிருந்து குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்பாள் அம்மா. கோடை முழுவதும் அது நிற்கவில்லை. எது கொடுத்தாலும் தங்கவில்லை. நடக்கப் பழகியிருந்த குழந்தை நடையை மறந்தது, பிறகு தவழ்வதையும் மறந்தது. கொஞ்சம் தேறியபோது குளிர்காலத்தில் தட்டம்மை வந்தது. பிழைத்ததே பெரிது. இரண்டாவது முறை நடக்கப் பழகியபோது அவளுக்கு மூன்று வயது நெருங்கிவிட்டது. தஃபீதா புருஷனோடு மஹல்லாவுக்குக் குடிபோனாள். ரிஃபாத்தைப் பெற்றவள் என்று ஊரார் உம்மு ரிஃபாத் எனக் கூப்பிடும் அம்மா, அதற்குப் பிறகு நாத்தனாரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா இறந்தபோது தஃபீதா வந்து வாசலோரம் உட்கார்ந்திருந்தாள். அம்மா அந்தப் பக்கம் முகத்தையே திருப்பவில்லை.

ஷவ்கியா இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தாள். தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வரும்: வயிற்றுப்போக்கால் வாடிய குழந்தைக்கு ஒரு தாய் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பாள். அதன் பாட்டு ஷவ்கியாவுக்கு மனப்பாடம். கூடவே பாடுவாள். அம்மா மட்டும் அப்போது அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போய்விடுவாள்.

இருபது வயதில் ஷவ்கியா யாருக்கும் சொல்லாமல் சுகாதார நிலையத்துக்குப் போனாள். டாக்டர் நிவீன் இளம்பெண். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பொறுமையாகச் சொன்னாள்.

"மொத ரெண்டு வருஷத்துலதான் உடம்பு வேகவேகமா வீடு கட்டும். அந்த நேரத்துல நோய் மேல நோயா வந்து, சாப்பிட்டதும் தங்கலன்னா, கட்டுறதுக்கு வெச்ச சாமான எல்லாம் எடுத்து நோயோட சண்டை போடவே செலவழிச்சிரும். சின்ன வீடாவே இருந்துட்டுப் போகட்டும், இடியாம நின்னாப் போதும்னு நிறுத்திக்கும். அப்புறம் நல்லாச் சாப்பிட்டாக் கொஞ்சம் எட்டிப் பிடிக்கலாம். விட்டதை முழுசாப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம்."

"இப்ப ஏதாவது செய்ய முடியுமா?"

"எலும்பு முனையெல்லாம் மூடியாச்சு ஷவ்கியா."

"மூடினதத் திறக்க வழி இல்லியா?"

"அது என்ன ஜன்னலா?" என்று டாக்டர் சிரித்தாள். பிறகு சிரித்ததற்காக அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் சொன்னது ஷவ்கியாவுக்கு நன்றாகவே புரிந்தது. அதை நம்பவும் செய்தாள். ஆனாலும், உறக்கம் வராமல் புரளும்போது அவள் நினைப்பது எலும்பு முனையை அல்ல, அத்தையின் காலைத்தான். எலும்பு மூடிவிட்டது என்றால் அதோடு முடிந்தது. கால் அப்படியில்லை. மஹல்லாவில் ஒரு வீட்டில் அந்தக் கால் இன்னும் இருக்கிறது, நடக்கிறது, படியேறுகிறது. ஒருநாள் அது வந்து தன்னைத் திரும்பத் தாண்டினால் போதும். ஒரு சாண்கூட வேண்டாம். செங்கல் உயரம் வளர்ந்தால் போதும்.

ரிஃபாத்துக்கும் அவன் மனைவி மைசாவுக்கும் பெண் குழந்தை பிறந்தது. ஏழாம் நாள் விழாவுக்கு ரிஃபாத் யாரையும் கேட்காமல் அத்தைக்குப் போன் செய்துவிட்டான். அம்மா அவனிடம் இரண்டு நாள் பேசவில்லை. ஷவ்கியா விழாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல்விட்டு எண்ணினாள்.

தஃபீதா வந்தாள். கறுப்பு அங்கிக்குள் முதுகு வளைந்து, ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நடந்தாள். அப்பாவோடு சேர்ந்து நின்றால் அண்ணன் தங்கை இருவரும் ஒரே உயரம் என்பார்கள். இப்போது பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். ஷவ்கியா முகத்தைப் பார்க்கவில்லை. அங்கியின் விளிம்புக்குக் கீழே, பழைய செருப்பில் இருந்த இரண்டு பாதங்களைத்தான் பார்த்தாள். எந்தக் கால் என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை.

குழந்தையைச் சல்லடையில் கிடத்தினார்கள். மெழுகுவர்த்தி ஏற்றினார்கள், மூலைக்கு மூலை உப்பை இறைத்தார்கள். அடுத்த வீட்டு இஃதிதால் பித்தளை உரலைக் குழந்தையின் காதருகே வைத்து இடித்தாள். "அம்மா பேச்சைக் கேளு! அப்பன் பேச்சைக் கேக்காத!"

"அப்பன் பேசினாத்தான கேக்க?" என்று யாரோ சொல்ல, ரிஃபாத் வாசலில் நின்று காது சிவந்தான்.

மைசா சல்லடையைத் தாண்டத் தொடங்கினாள். ஏழு முறை தாண்ட வேண்டும். பெண்கள் சத்தமாக எண்ணினார்கள். இஃதிதாலுக்கு வாய் சும்மா இருக்காது. "பெத்தவ தாண்டினா புள்ள செழிக்கும். மத்தவ தாண்டினாத்தான்…" என்று ஆரம்பித்தவள் சட்டென்று நிறுத்தினாள். அறையில் எண்ணுகிற சத்தமும் நின்றது. மைசா காலைத் தூக்கியபடி விழித்தாள்.

"நாலு" என்றாள் தஃபீதா மூலையிலிருந்து. "நாலுல நிக்கிறே. தாண்டு பொண்ணே."

விருந்தினர்களுக்கு நெய்யும் கொட்டைகளும் மிதக்கும் சூடான முகாத் பானத்தைக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தார்கள். தஃபீதாவைக் காணவில்லை. ஷவ்கியா ஒரு கோப்பையோடு தேடிக்கொண்டு மாடிக்குப் போனாள். அத்தை சுவரோரம் நின்று எட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள்.

"இந்தச் சுவர எப்படி இவ்வளவு ஒசத்தினீங்க?" என்றாள் தஃபீதா.

"யாரும் ஒசத்தல அத்தை. நீங்கதான் எறங்கிட்டீங்க."

தஃபீதா அவளைத் திரும்பிப் பார்த்தாள். இருவரின் கண்களும் ஒரே மட்டத்தில் இருந்தன. "வாய் மட்டும் முழுசா வளந்திருக்கு உனக்கு" என்றாள் அத்தை.

ஷவ்கியா செங்கல்லைக் காலால் நகர்த்தி அவள் பக்கம் வைத்தாள். "இது மேல ஏறுங்க. என் தோளப் பிடிச்சுக்குங்க."

தஃபீதா ஏறினாள். கால்வாயைப் பார்த்தாள், நெல்வயலைப் பார்த்தாள். "அண்ணன் வரப்புல வந்தா இங்கேர்ந்தே தெரியும். ஆள் நடந்து வர்ற மாதிரியா இருக்கும்? மரம் வர்ற மாதிரி இருக்கும்." மூக்கை உறிஞ்சினாள். "நீ அவனைத்தான் உரிச்சு வெச்சிருக்கே."

இத்தனை வருடம் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் ஷவ்கியாவுக்கு மறந்துபோயின.

"அத்தை, நீங்க என்னைத் திரும்பத் தாண்டணும்."

தஃபீதா புரியாதவள்போல் நடிக்கவில்லை. செங்கல்லிலிருந்து மெல்ல இறங்கி, ஷவ்கியாவின் கையிலிருந்த கோப்பையை வாங்கிக்கொண்டாள்.

"தாண்டிட்டேன்டி" என்றாள்.

"எப்ப?"

"அன்னிக்கே. தட்டை அடுப்புகிட்ட வெச்சேன். ஒங்கம்மா கோபத்துல உள்ள போனா. எனக்கும் பயந்தான? மல்லுக்கட்டறது ஒங்கம்மாகிட்டதான், ஒன்கிட்ட என்ன இருக்கு? ஓடி வந்து, வந்த வழியாவே திரும்பத் தாண்டினேன். அவ பாக்கல. அவகிட்ட சொல்ல எனக்குத் திமிரு."

ஷவ்கியா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படின்னா?"

"அப்படின்னா என்ன? ஒண்ணு கேக்கறேன், சொல்லு. நடக்கப் பழகின புள்ள, நிமிஷத்துல வாசலத் தாண்டி ஓடற புள்ள, பட்டப்பகல்ல முற்றத்துல ஏன் சுருண்டு படுத்துக் கெடந்துச்சு?"

ஷவ்கியா அந்தக் கதையை நூறு முறை கேட்டிருப்பாள். இந்தக் கேள்வி ஒருமுறைகூட அவளுக்குத் தோன்றியதில்லை.

"ரெண்டு நாளா வயித்தால போய்க்கிட்டு இருந்துச்சு ஒனக்கு" என்றாள் தஃபீதா. "அதனாலதான் படுக்க வெச்சிருந்தா. தாதி வந்து, தண்ணி காட்டாதே, தண்ணி குடுத்தா இன்னும் போகும்னுட்டுப் போனா. நாங்க எல்லாரும் அதத்தான் நம்பினோம். நீ நாக்க நாக்க வெளிய நீட்டுவே. நான் ஒரு துணிய நனைச்சு ஒதட்டுல வெச்சேன். ஒங்கம்மா பிடுங்கி எறிஞ்சா. 'எம் புள்ளயக் கொல்லப் பாக்கிறியா'ன்னு கேட்டா. அவ இடத்துல நான் இருந்தாலும் அதையேதான் செஞ்சிருப்பேன். கோடை பூரா ராத்திரி பகலா ஒன்ன மடிய விட்டு எறக்கல அவ. அவளாலதான் பொழைச்சே. அதையும் சொல்லணும்."

"இதை ஏன் இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொல்லல?"

"சொல்லி? அவளுக்குப் பிடிச்சுக்க ஏதாவது வேணாமா? என் கால் கெடைச்சுது. இருக்கட்டும்னு விட்டுட்டேன்." முகாத்தை ஒரு வாய் குடித்தாள். "சக்கரை போதல."

கீழே பெண்கள் விடைபெறும் சத்தம் கேட்டது. ஷவ்கியாவுக்கு அழுகை வரவில்லை. மஹல்லாவில் நடந்துகொண்டிருந்த கால் நின்றுவிட்டது போல இருந்தது. அது திருப்பித் தரவேண்டியதை அன்றைக்கே தந்துவிட்டது. இனி யாரிடம் போய்க் கேட்பது? அந்தக் கோடையிடம் போய்க் கேட்க முடியுமா?

பிறகு அவளுக்கு அந்த விளம்பரப் பாட்டு நினைவுக்கு வந்தது. கரண்டியும் தண்ணீரும் வந்தன. அடுப்பைப் பார்க்க எழுந்து போகும் அம்மாவும் வந்தாள். அந்த நேரத்தில் அடுப்பு எரிந்துகொண்டிருந்ததாக ஷவ்கியாவுக்கு ஒரு நாள்கூட நினைவில்லை.

"அத்தை" என்றாள். "இன்னொரு தடவை தாண்டுங்க. கீழ வந்து. அம்மா பாக்கிற மாதிரி."

தஃபீதா கோப்பையைச் சுவர்மேல் வைத்தாள். "மாடிப்படியில கையக் குடு" என்றாள்.

விருந்தினர்கள் போயிருந்தார்கள். அம்மா முற்றத்தில் குனிந்து உப்பையும் கடலைத்தோலையும் கூட்டிக்கொண்டிருந்தாள். ஷவ்கியா பாயை விரித்தாள். இருபத்தொன்பது வயதுப் பெண், விழாவுக்கு உடுத்திய நல்ல துணியோடு, பாயில் மல்லாந்து படுத்தாள்.

"என்னடி இது?" என்றாள் அம்மா. பிறகு பின்னால் வருகிற தஃபீதாவைப் பார்த்தாள். துடைப்பம் நின்றுவிட்டது.

தஃபீதா சுவரைப் பிடித்துக்கொண்டு பாயின் அருகே வந்து நின்றாள். வாசல் பக்கம் நின்று, அங்கியை லேசாகத் தூக்கினாள்.

"அந்தப் பக்கத்துலேர்ந்து இல்ல."

அம்மாவின் குரல். இருபத்தெட்டு வருடத்தில் நாத்தனாரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. "அடுப்புப் பக்கத்துலேர்ந்து வரணும். அடுப்புப் பக்கம்தான போனே?"

"நீ மாறவே இல்ல உம்மு ரிஃபாத்" என்று முனகிக்கொண்டே தஃபீதா பாயைச் சுற்றி அடுப்புப் பக்கம் போனாள். முழங்கால் மடங்கவில்லை. அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கறுப்பு அங்கியின் விளிம்பு ஷவ்கியாவின் முகத்தை உரசிக்கொண்டு போனது. சோப்பும் தூசியும் கலந்த வாசனை. ஒரு நொடி வானம் மறைந்து திரும்பத் தெரிந்தது. இதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தும், அந்த ஒரு நொடி அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால்விரல்களை நுனிவரை நீட்டினாள்.

"இப்பத்தான் மனசு வந்துச்சா உனக்கு?" என்றாள் அம்மா.

"ஆமா" என்றாள் தஃபீதா. "இப்பத்தான். மன்னிச்சிரு."

அம்மா அவள் முழங்கையை விடவில்லை. "மூஞ்சி வெளுத்துப் போயிருக்கு. ஏதாவது சாப்பிட்டியா? வாத்து இருக்கு."

"வாத்தா?" என்றாள் தஃபீதா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் யார் சிரித்தது என்று பாயில் கிடந்த ஷவ்கியாவுக்குத் தெரியவில்லை. சிரிப்பு நின்றபிறகும் அம்மாவின் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை அத்தையை மஹல்லா வண்டியில் ஏற்றிவிட்டு வந்து, ஷவ்கியா மாடிக்குப் போனாள். புறாக்களுக்குத் தானியம் போட்டாள். செங்கல், அத்தை நின்ற இடத்திலேயே கிடந்தது. அவள் அதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நிமிர்ந்து நின்றாள்.

சுண்ணாம்புப் பூச்சு. அதில் எப்போதும் பார்க்கிற அதே விரிசல்.

அப்படியே நின்றுகொண்டிருந்தாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. ஈரத்துணி வாளியோடு அம்மா வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அம்மா வாளியைக் கீழே வைத்தாள். குனிந்து செங்கல்லைக் கையில் எடுத்து, ஒட்டியிருந்த மண்ணை அங்கியின் விளிம்பால் துடைத்து, மகளின் காலடியில் கொண்டுவந்து வைத்தாள்.